பருவ மாறுதலும் பள்ளிச் சித்திரமும்

பருவம் பிறழ்ந்துவிட்டது என்று சொல்லாத குடியானவரைச் சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் இன்று காண்பது அரிது. ஆடியில் விதைப்பதா, ஆவணி வரை பொறுப்பதா என்று தெரியாமல் மானாவாரி நிலத்துக்காரர் வானத்தை நோக்கி நிற்கிறார். இஃது ஏதோ முதியோர் திண்ணையில் அமர்ந்து பேசும் பழங்கதை என்று தள்ளிவிட இடமில்லை. 2016ஆம் வருஷத்தில் வடகிழக்குப் பருவமழை நமது ராஜ்யத்தில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சிப் பிரதேசங்கள் என்று சர்க்கார் அறிவித்தனர். வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறக்க வேண்டிய மேட்டூர் அணை அவ்வருஷம் அக்டோபர் 2ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. மறு வருஷம் நடந்ததோ நேர்மாறு. 2018 ஜூலையில் அணை 120 அடியைத் தொட்டு நிரம்பிற்று. ஆகஸ்டில் பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய ஊர்களில் காவிரிக் கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2024 கோடையில் சேலமும் ஈரோடும் கரூர்ப் பரமத்தியும் 42 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெயிலில் வெந்தன. அதே வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. சேலத்தில் திருமணிமுத்தாறு கரை கடந்தது. தண்ணீரின்மையால் அழுத ஊரும் தண்ணீரால் அழுத ஊரும் ஒரே ஊராக இருப்பதுதான் இக்காலத்தின் விசேஷம்.

இந்த மாறுதல் வயற்காட்டோடு நிற்கவில்லை, பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது. 2023இல் ஜூன் முதல் தேதி திறக்க வேண்டிய பள்ளிகள் வெயிலின் கடுமையால் 12ஆம் தேதிக்கும், சிறுவர் வகுப்புகள் 14ஆம் தேதிக்கும் தள்ளிப்போயின. 2024இல் 6ஆம் தேதி என்றிருந்தது 10ஆம் தேதி ஆயிற்று. அவ்வருஷ அக்டோபரில் வெப்ப அலையை ராஜ்யத்துக்குரிய பேரிடராகவே சர்க்கார் அறிவித்தனர். இவ்வாறு வெயிலே பள்ளியின் கதவைச் சாத்துகின்ற காலத்தில், பள்ளிக்கூடம் அவ்வெயிலைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லுகிறது, எவ்வாறு சொல்லுகிறது என்று கேட்பது பொதுஜனங்களின் கடமையாகும்.

சட்டத்தில் குறைவில்லை என்பதை முதலிற் சொல்லிவிடுகிறோம். இயற்கைச் சூழலைக் காத்தல் ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று அரசியல் சாசனத்தின் 51-ஏ பிரிவு விதிக்கிறது; 1976ஆம் வருஷத்துத் திருத்தத்தால் அது சாசனத்தில் ஏறியது. எம்.சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழற் கல்வியைப் பள்ளிகளிலும் கலாசாலைகளிலும் கட்டாயமாகப் புகட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1991 நவம்பரில் உத்தரவிட்டது. அவ்வுத்தரவு ஏட்டளவில் உறங்கிக் கிடக்கக் கண்டு, 2003 டிசம்பரில் மீண்டும் வற்புறுத்தியது. 2024 மார்ச்சில், ரஞ்சித்சிங் வழக்கின் தீர்ப்பில், காலநிலை மாற்றத்தின் தீங்குகளினின்று காக்கப்படும் உரிமை சாசனத்தின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கியதென அதே கோர்ட்டு கூறிற்று. ஆக, இந்தப் பாடத்தைக் கற்பிப்பது சர்க்காரின் தயவு அன்று. கற்பது பிள்ளைகளின் உரிமை.

உரிமை கிடைத்தது, பாடம் கிடைத்ததா? புத்தகத்தில் பாடம் இருக்கிறது. கரியமில வாயு என்றால் என்ன, பசுமை இல்ல விளைவு என்றால் என்ன என்று கேட்டால் எட்டாம் வகுப்பு மாணாக்கன் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். அவன் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது, சென்ற வருஷம் எத்தனை அடியில் நின்றது என்று கேளுங்கள், விழிப்பான். பரீட்சைக்கு உரியது முன்னது. வாழ்க்கைக்கு உரியது பின்னது. இரண்டுக்கும் இடையே பாலம் இல்லை. எழுத்தாலும் எண்ணாலும் மட்டும் அந்தப் பாலத்தைக் கட்ட முடியவில்லை என்பது இத்தனை வருஷ அநுபவம். சித்திரம், நாடகம், பாட்டு, கைவினை ஆகிய கலைகளைக் கொண்டு அதைக் கட்டிப் பார்க்கலாம் என்று கல்வி நிபுணர் பலர் இப்பொழுது சொல்லுகிறார்கள். நாமும் அக்கட்சியைச் சேர்ந்தவரே. ஆனால், எவ்வாறு கட்டுவது என்பதில்தான் நமது கருத்து மாறுபடுகிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையார் 2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா என்ற பெயரால் போட்டிகள் நடத்தி வருகின்றனர். பள்ளி, வட்டாரம், ஜில்லா, ராஜ்யம் என்று படிப்படியாக நடக்கும் அவ்விழாவுக்கு, 2024-25இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் நிலைத்தன்மையுமே மையக் கருத்தாக வைக்கப்பட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகளும் மேடை ஏறவும் வர்ணம் தீட்டவும் இடமளித்த இம்முயற்சியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். பாராட்டிவிட்டு, ஒரு குறையையும் சொல்ல வேண்டியவராயிருக்கிறோம். அக்குறையில் நமக்கும் பங்குண்டு.

சிறிது காலத்துக்கு முன், சங்ககிரித் தாலூக்காவிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில், வேறொரு சங்கத்தார் நடத்திய சித்திரப் போட்டிக்கு மூவருள் ஒருவராக நம்மை மதிப்பிட அழைத்திருந்தார்கள். பொருள், வெப்பமாகும் உலகம். அறுபதுக்கு மேற்பட்ட படங்கள் மேஜைமீது பரப்பப்பட்டன. பாதிக்கு மேற்பட்டவற்றில் கண்ணீர் விடும் பூமியுருண்டை இருந்தது. மற்றும் பலவற்றில் ஒரு பக்கம் பசுமரம், மறுபக்கம் பட்டமரம். சிலவற்றில் உருகும் பனிக்கட்டியின்மேல் வெண்கரடி. பனியையும் கரடியையும் அப்பிள்ளைகள் எங்கே கண்டார்கள்? அந்தப் பள்ளியின் சாளரத்தைத் திறந்தால் சங்ககிரி மலை முழுவதும் தெரியும். மலையின் பாறையில் நண்பகல் வெயில் பட்டுத் தெறிப்பதும், அடிவாரத்தில் கால்நடைகள் நிழல் தேடி ஒண்டுவதும் தெரியும். அறுபது படங்களில் ஒன்றிலும் அந்த மலை இல்லை.

ஒரே ஒரு படம் வேறாக இருந்தது. சாலையோரம் நிற்கும் லாரி ஒன்று. அதன் அடியில், சக்கரங்களுக்கு நடுவே, துண்டை விரித்து ஒருவர் படுத்திருக்கிறார். சுற்றிலும் மரமில்லை. வெயிலுக்கு மஞ்சளும் வெள்ளையும் மட்டும் தடவியிருந்தான். வரைந்த பையனுடைய தகப்பனார் லாரி ஓட்டுகிறவர் என்று உபாத்தியாயர் சொன்னார். படம் நன்றாயிருக்கிறது, ஆனால் பொருளோடு பொருந்தவில்லை என்று நாங்கள் மூவரும் பேசி முடிவு செய்து, பூமியுருண்டைக்குப் பரிசளித்து வந்தோம். வீடு திரும்பும் வழியில்தான், பொருளோடு பொருந்தியிருந்த படம் அஃதொன்றே என்பது நமது புத்திக்கு எட்டிற்று. அந்தச் சிறுவனுக்கு நாம் இழைத்த அநீதிக்கு இத்தலையங்கம் ஒரு சிறு பிராயச்சித்தம்.

பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. பார்த்து வரைவதை விட்டுப் படத்தைப் பார்த்துப் படம் வரையும் வழக்கம் நமது பள்ளிகளில் நெடுநாளையது. சென்னையில் 1850இல் டாக்டர் ஹண்டர் தொடங்கிய சித்திரப் பள்ளி முதலாக, ஆங்கில ஆட்சிக் காலத்துச் சித்திரப் படிப்பின் பெரும்பகுதி, கொடுத்த கோட்டைப் பிசகாமல் மீண்டும் போடும் பயிற்சியாகவே இருந்தது. கம்பெனிக்கும் சர்க்காருக்கும் வரைபடம் போடுவோர் வேண்டியிருந்தனர். கண்திறந்து பார்ப்போர் வேண்டியிருக்கவில்லை. ஆட்சி போயிற்று; பழக்கம் போகவில்லை. அன்று பாதிரியின் வீட்டுப் பூக்கிண்ணத்தைப் பார்த்து வரைந்தோம். இன்று கைப்பேசியில் வரும் வெண்கரடியைப் பார்த்து வரைகிறோம்.

இதற்கு மாற்று வழியை நமது தேசிய இயக்கமே காட்டியிருக்கிறது. சாந்திநிகேதனத்தில் 1928 முதல் மரம் நடுதலைத் தாகூர் ஒரு விழாவாக்கினார். பாட்டும் ஆட்டமும் அலங்காரமுமாக, ஒரு செடியை விருந்தாளியைப் போல் எதிர்கொண்டு அழைத்து வந்து நட்டார்கள். அங்கே கலாபவனத்தின் தலைவராயிருந்த நந்தலால் போஸ், மாணாக்கர்களைச் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்று கண்ணாற் கண்டதை வரையச் செய்தார். 1938இல் ஹரிபுராக் காங்கிரஸ் கூடியபோது, காந்தியடிகளின் விருப்பப்படி அவர் தீட்டிய படங்களில் உழுகிறவரும் நூற்கிறவரும் கொட்டு முழக்குகிறவருமே நிறைந்திருந்தனர். 1937இல் வார்தாவில் வகுக்கப்பட்ட ஆதாரக் கல்வியின் உயிர், கையும் கண்ணும் அறிவோடு சேர்ந்து வளர வேண்டும் என்பது. சாந்திநிகேதனத்தில் பயின்ற தேவிபிரசாத் என்பார் 1944இல் சேவாகிராமம் சென்று, அங்குள்ள சிறுவர்களுக்குச் சித்திரத்தைக் கல்வியின் அஸ்திவாரமாகவே வைத்துக் கற்பித்தார்.

இவ்வளவு தூரம் போவானேன்? நமது நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை அவர்கள் பாட்டால் புகழ் பெறுமுன் சித்திரத்தால் பிழைத்தவர். காண்பதைக் கூர்ந்து காணும் ஓவியரின் கண்ணே பின்னர்க் கவிதைக்கும் உதவியது என்று கொள்வதில் தவறில்லை. 1930இல் திருச்சியிலிருந்து வேதாரணியம் சென்ற உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் அவர் பாட்டைப் பாடிக்கொண்டே நடந்தார்கள். ஒரு சட்டத்தின் கொடுமையை விளக்கும் நூறு துண்டுப் பிரசுரங்கள் செய்யாததை ஒரு பாட்டு செய்தது. அரசியல் தொண்டர்களாகிய நமது வாசகர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இன்னும் முன்னே சென்றால், நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் மரமும் பூவும் பறவையும் பறையும் பொழுதும் வகுத்த இனம் நம்மினம். மழை பொய்த்துக் குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று பண்டைத் தமிழர் கண்டு வைத்தனர். நிலம் திரிவதைக் காணும் கண் நமக்குப் புதிதன்று. இழந்த கண்ணை மீட்பதே வேண்டுவது.

இனி, மறுப்புரைகளைப் பார்ப்போம்.

விஞ்ஞானத்தின் வேலையைச் சித்திரம் செய்யுமா என்பது முதற் கேள்வி. செய்யாது, செய்யவும் வேண்டாம். அளந்து சொல்வது விஞ்ஞானம். அளந்ததை மனத்தில் ஊன்றுவது கலை. தொழிற் புரட்சிக்கு முன் காற்றில் பத்துலட்சத்துக்கு 280 பங்காயிருந்த கரியமில வாயு இன்று 420க்கு மேல் ஏறிவிட்டது என்றால் கேட்பவர் தலையசைத்துவிட்டுப் போவார். இங்கிலாந்திலுள்ள ரெடிங் சர்வகலாசாலையின் விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018இல் ஒரு காரியம் செய்தார். வருஷத்துக்கு ஒரு கோடாக, குளிர்ந்த வருஷத்துக்கு நீலமும் சூடான வருஷத்துக்குச் சிவப்புமாக வரிசையாய்த் தீட்டினார். எழுத்தில்லை, எண்ணில்லை, நீலம் மெல்ல மெல்லச் சிவப்பாவதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் கண்டு திகைத்தனர். அஃது இன்று உலகமெங்கும் கழுத்துப் பட்டையாகவும் சால்வையாகவும் நெய்யப்படுகிறது. பவானி ஜமுக்காளத்தின் வர்ணப் பட்டைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது தெரியாத வித்தையா? எடப்பாடியிலும் குமாரபாளையத்திலும் திருச்செங்கோட்டிலும் தறியின் ஓசை கேட்காத தெரு உண்டா? தாலூக்கா மழைக் கணக்கை உபாத்தியாயர் கொடுக்கட்டும். வறண்ட வருஷத்துக்கு ஒரு நிறம், பெய்த வருஷத்துக்கு ஒரு நிறம் என்று பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும். ஊர் நெசவாளர் ஒருவர் அதை ஒரு துண்டாக நெய்து பள்ளிச் சுவரில் மாட்டட்டும். கணக்கும் பூகோளமும் சித்திரமும் கைத்தொழிலும் அங்கே ஒன்றாகக் கற்கப்படும்.

கலையைப் பிரசாரத்துக்கு அடிமையாக்குவதாகாதா என்பது இரண்டாவது கேள்வி. இதில் நியாயம் உண்டு. மரம் வளர்ப்போம், மழை பெறுவோம் என்று எழுதி வர்ணமடித்தால் அது சித்திரமாகாது, விளம்பரப் பலகையாகும். மேலும், உலகம் அழியப் போகிறது என்று பத்து வயதுக் குழந்தையை அச்சுறுத்தும் படங்களால் விளைவது விழிப்பன்று, கிலி. ஆதலின்தான், கோஷத்தை வரையச் சொல்லாதீர்கள், கண்டதை வரையச் சொல்லுங்கள் என்கிறோம். கண்டதை உண்மையாக வரைந்த பிள்ளை, ஏன் இப்படி இருக்கிறது என்று தானே கேட்கும். அக்கேள்விக்கு விடை சொல்லுவது உபாத்தியாயரின் கடமை.

மூன்றாவது கேள்வி கடினமானது; எவரும் வெளிப்படையாகக் கேட்காதது. சங்ககிரி லாரியால் வாழும் ஊர். சுண்ணாம்புக்கல்லாலும் சிமெண்டாலும் வாழும் ஊர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால், எரிபொருட் புகை நீங்கலாகவே, 44 கிலோ கரியமில வாயு பிரிகிறது. சற்றுத் தொலைவில் மேட்டூரில் நிலக்கரி எரிந்து மின்சாரமாகிறது. அப்படியானால், லாரிக்காரர் மகனையும் சிமெண்டு ஆலைத் தொழிலாளி மகளையும் உட்கார வைத்து, உங்கள் தகப்பன்மாரே குற்றவாளிகள் என்று வரையச் சொல்வதா?

கூடவே கூடாது. உண்மையை மறைக்கவும் கூடாது, பழியை இடம் மாற்றி வைக்கவும் கூடாது. இந்தியர் ஒருவர் சராசரியாக வருஷத்துக்கு இரண்டு டன் கரியமில வாயுவுக்குக் காரணராகிறார்; அமெரிக்கர் ஒருவர் ஏறத்தாழப் பதினான்கு டன்னுக்கு. லாரியை ஓட்டுகிறவர் அதன் புகையையும் வெயிலையும் முதலில் அநுபவிக்கிறவர். அதில் ஏறி வரும் சரக்கின் லாபத்தை அநுபவிப்பவர் வேறு. இந்த நியாய அநியாயத்தைச் சொற்பொழிவால் விளக்கப் புகுந்தால் சண்டையில் முடியும். லாரி நிழலில் படுத்திருக்கும் தகப்பனாரின் படம் அதை ஒரு வார்த்தையின்றி விளக்கிவிட்டது. பிழைப்பு எது, அப்பிழைப்பே கொண்டுவரும் துன்பம் எது என்று இரண்டையும் ஒரே காகிதத்தில் அந்தச் சிறுவன் வைத்தான். நாளைக்கு வேறு எரிபொருள், வேறு தொழில் என்று ஊர் மாற வேண்டி வருமானால், அதைப் பற்றிப் பகையின்றி யோசிக்கத் தக்கவர்கள் இத்தகைய கண்ணுடைய பிள்ளைகளே.

இவையெல்லாம் நடப்பதற்கு ஆள் வேண்டாமா? இங்கேதான் நமது சர்க்காரின் சொல்லும் செயலும் பிரிகின்றன. 2012இல் சித்திரம், உடற்பயிற்சி, கைத்தொழில் முதலிய பாடங்களுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதச் சம்பளம் 5,000 ரூபாய். சம்பளம் பின்னர்ச் சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டதெனினும், நிரந்தரமாக்குக என்று அவர்கள் வருஷக்கணக்கில் தெருவில் நின்று கேட்க வேண்டியதாயிற்று. கட்சிகள் மாறின, கோட்டையில் அமர்ந்தோர் மாறினர், அவர்களுடைய மனு மாறவில்லை. கலையின் மூலம் காலநிலையைக் கற்பிப்போம் என்று மேடையில் முழங்கிவிட்டு, கலையைக் கற்பிப்பவரைத் தினக்கூலிக்காரர் போல் வைத்திருப்பது எவ்வகை நீதி? ஆண்டுக்கொரு விழாவினால் கண் திறவாது. வாரந்தோறும் உடனிருக்கும் உபாத்தியாயரால் திறக்கும்.

மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். கைத்தொழிலும் பள்ளியும் என்றவுடன், அரைநாள் பள்ளி, அரைநாள் குடும்பத் தொழில் என்று 1953இல் ராஜாஜி சர்க்கார் கொண்டுவந்த திட்டமும், அதற்கு எழுந்த எதிர்ப்பும், மறு வருஷம் அது கைவிடப்பட்டதும் பலருக்கு நினைவு வரும். நெசவாளர் பிள்ளையை நெசவிலேயே நிறுத்துவதற்கு நாம் வழி தேடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் தறியைத் தொட வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் தூரிகையைப் பிடிக்க வேண்டும். அவ்வளவே.

ஆகவே, செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை.

முதலாவது, ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சித்திரப் பதிவேடு வைக்கப்பட வேண்டும். சித்திரையில் ஒரு நாள், ஆடிப் பதினெட்டில் ஒரு நாள், தையில் ஒரு நாள் என்று குறித்துக்கொண்டு, வருஷந்தோறும் ஒரே இடத்திலிருந்து ஒரே காட்சியை, ஊர்க் கிணற்றையோ ஏரியையோ மலையையோ, பிள்ளைகள் வரைய வேண்டும். மேட்டூர் அணையில் நீர் வற்றும்போது பண்ணவாடியில் பழைய நந்தியும் மாதா கோயில் கோபுரமும் தலை காட்டுவதைக் காணக் கூட்டம் கூடுகிறது; அதை ஆண்டுதோறும் வரைந்து வைத்த பள்ளி ஒன்று இருந்திருந்தால், எந்த ஆபீஸ் தஸ்தாவேஜும் சொல்லாத சரித்திரம் அங்கே சேர்ந்திருக்கும். இருபது வருஷப் படங்களை வரிசையாகப் பார்க்கும் மாணாக்கனுக்குக் காலநிலை மாற்றம் என்பதன் பொருளை வேறு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, இச்சமவெளியில் இன்னும் உயிரோடிருக்கும் தெருக்கூத்துக் கலைஞர்களைப் பள்ளிக்கு அழைத்து, தக்க சன்மானம் கொடுத்து, ஊர் வறட்சியையும் வெள்ளத்தையும் பற்றிப் பெரியோர் சொல்லும் செய்திகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து கூத்தாக்கச் செய்ய வேண்டும். மூன்றாவது, 2001 முதல் பள்ளிகளில் இருந்து வரும் தேசியப் பசுமைப்படையும் சித்திர வகுப்பும் தனித்தனியே நடப்பதை விட்டு ஒன்றாகக் கூட வேண்டும். செடி நடுகிறவனே அதன் இலையை வரையட்டும். நான்காவது, மதிப்பிடப் போகும் எம்போன்றோர் நகலுக்குப் பரிசளிப்பதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். ஐந்தாவதும் தலையாயதும், ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் நிரந்தரமான சித்திர உபாத்தியாயர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். இதைக் கேட்டுப் பெறுவது நமது தாலூக்காக் காங்கிரஸ்காரருக்கும், கழகத்தாருக்கும், பொதுவுடைமையருக்கும், கட்சி சாராத கனவான்களுக்கும் பொதுவான வேலை.

சங்ககிரிக் கோட்டையில் 1805 ஜூலை 31ஆம் தேதி தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். ஆடிப்பெருக்கன்று அவர் நினைவைப் போற்ற ஆயிரக்கணக்கானோர் அம்மலையடியில் கூடுகிறோம். ஆடிப்பெருக்கு என்பது காவிரி பெருகும் நாள். ஆறு பெருகுமா பெருகாதா என்று ஐயுற்றுக்கொண்டே அவ்விழாவைக் கொண்டாடும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம். அந்நியன் வந்தபோது அவனைக் கண்ணாற் காண முடிந்தது, ஆதலால் எதிர்த்தோம். இன்று வந்திருக்கும் துன்பம் கண்ணுக்கு எளிதில் தெரியாதது. சிறிது சிறிதாக, வருஷத்துக்கு ஒரு கோடாக வருவது. அதைக் காணப் பழகுவதே எதிர்ப்பதற்கு முதற்படி.

அந்தச் சிறுவனின் படம் இப்பொழுது எங்கேயிருக்கிறதோ, நாம் அறியோம். பரிசு பெறாத படங்களைக் கட்டி மூலையில் வைத்ததைக் கண்டோம். அடுத்த முறை அப்படிப்பட்ட படம் ஒன்று மேஜைக்கு வரும்போது, அதைக் கண்டுகொள்ளத் தக்க உபாத்தியாயர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அவரை நியமிக்கும் பொறுப்பு சர்க்காருடையது. நியமிக்கச் செய்யும் பொறுப்பு நம்முடையது.